அந்த ஸ்டீல் கிட்டார் அழுதது கருவியாலா, கையாலா?

ஒத்திகையில்லாமல் கூடி வாசிக்கும் ஜாமிங் நிகழ்ச்சி ஒன்றில் ஸ்டீல் கிட்டார் வாசித்தவரைக் கண்டு வியந்ததாகவும், உடன் வந்த நண்பர் "அந்தக் கருவியை யார் தொட்டாலும் அப்படித்தான் அழும்" என்று சொல்லிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பாடகர்கள் மாறி மாறி மேடையேறி ஆளுக்கொரு சுருதியில் பாடியபோதும் அவர் எல்லாப் பாட்டிலும் சேர்ந்துகொண்டார். ஒரே ஒரு பாட்டில் மட்டும் முதல் பாதி முழுவதும் ஏறக்குறையச் சும்மா இருந்தார். அந்தப் பாட்டு அவருக்குத் தெரியவில்லை என்பதற்கு அதுவே சாட்சி என்று நண்பர் வாதிட்டிருக்கிறார். முன்பின் கேட்டிராத பாட்டுக்கு ஒருவரால் அங்கேயே வாசிக்க முடியுமா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று எனக்குப் படுகிறது. கேட்டதில் எவ்வளவு கருவியின் இயல்பு, எவ்வளவு அந்த மனிதரின் உழைப்பு, இசை பயிலாத ஒருவர் இந்த இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்பதே உங்கள் கேள்வி. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் பெடல் ஸ்டீல் என்னும் கால்மிதிகள் கொண்ட ஸ்டீல் கிட்டாரை வாசிக்கத் தொடங்கி 22 ஆண்டுகள் ஆகின்றன. அவற்றில் பெரும்பகுதி இத்தகைய ஒத்திகையில்லாத மேடைகளில் கழிந்தது. நீங்கள் சொன்ன இரவில் நான் அங்கே இல்லை. அவர் வாசித்த ஒரு ஸ்வரத்தையும் கேட்கவில்லை. ஆகவே அவர் எத்தகைய கலைஞர் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. நீங்கள் கவனித்து எழுதிய விவரங்கள் எவற்றைக் காட்டுகின்றன, எவற்றைக் காட்டவில்லை என்பதை மட்டும் சொல்ல முடியும். மேசை போன்ற கருவி, அதன் அடியில் கம்பிகள், பெடல்கள் என்று நீங்கள் வர்ணித்திருப்பதால், அது மடியில் வைத்து வாசிக்கும் லேப் ஸ்டீல் அல்ல, பெடல் ஸ்டீல் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நண்பருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுவோம், ஏனெனில் அவர் சொன்னதில் பாதி உண்மை. இந்தக் கருவியின் அழுகை பெருமளவுக்கு அதன் அமைப்பிலேயே இருக்கிறது. தந்திகளை விரலால் கட்டையோடு அழுத்துவதில்லை. 200 கிராமுக்கும் மேல் எடையுள்ள எஃகு உருளையை இடக்கையில் பிடித்து, தந்திகளின் மேல் வைத்து நகர்த்துகிறோம். அதனால் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் படியேறிப் போகாமல் வழுக்கிப் போக முடிகிறது, மனிதக் குரலைப் போல. கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு இந்த இயல்பு புதிதல்ல. பெடல்கள் இதற்கு மேல் இன்னொன்றைச் சேர்க்கின்றன. பரவலாகப் புழங்கும் ஈ9 என்னும் சுருதியமைப்பில் 10 தந்திகள்; அவற்றில் உருளையை ஓரிடத்தில் வைத்து மூன்றை மீட்டினால் ஸ, க, ப சேர்ந்து ஒலிக்கும் கார்ட், அதாவது ஸ்வரக் கூட்டு, கிடைக்கிறது. இடக்காலால் முதல் பெடலை அழுத்தினால் பஞ்சமம் மட்டும் ஒரு முழுத்தொனி ஏறித் தைவதமாகிறது. இரண்டாவது பெடலை அழுத்தினால் காந்தாரம் மட்டும் அரைத்தொனி ஏறி மத்திமமாகிறது. ஷட்ஜமம் இருந்த இடத்திலேயே நிற்கிறது. இரண்டையும் சேர்த்து அழுத்தும்போது ஸ-க-ப என்பது, கை ஒரு நூல்கூட நகராமல், ஸ-ம-த ஆகிவிடுகிறது. அதாவது மத்திமத்தை அடியாகக் கொண்ட கார்டுக்குப் போய்விடுகிறோம். ஒரு குரல் அசையாமல் நிற்க, பக்கத்திலுள்ள இரண்டு குரல்கள் மெல்ல மேலேறும் அந்தக் கணத்தைத்தான் கேட்பவர் அழுகை என்கிறார். அதைச் செய்வது கம்பியும் நெம்புகோலும். முதல் வாரத்தில் இருக்கும் மாணவரும் அந்தப் பெடலை அழுத்தினால் அது அழும். நானும் முதல் வாரத்தில் அதை நாள் முழுவதும் அழவைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஒலி எப்போதும் இருந்ததல்ல என்பதும் இங்கே பொருத்தமானது. எஃகை வைத்து கிட்டார் வாசிக்கும் முறை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாய்த் தீவுகளில் உருவானது. அதைக் கண்டுபிடித்தவர் என்ற பெருமை பொதுவாக ஜோசப் கெகுகுவுக்கு அளிக்கப்படுகிறது, வேறு சிலருக்கும் அதில் பங்கு உண்டு என்பாரும் இருக்கிறார்கள். 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சியின் வழியாக ஹவாய் இசை அமெரிக்கா முழுவதும் பரவியது. 1930-களின் தொடக்கத்தில் மின்கிட்டார் விற்பனைக்கு வந்தபோது முன்னால் நின்றதே ரிக்கன்பேக்கரின் "வறுசட்டி" என்று செல்லப்பெயர் பெற்ற ஒரு லேப் ஸ்டீல்தான். பெடல்கள் முதலில் ஒரு சுருதியமைப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் வசதிக்காகவே பயன்பட்டன. 1954-இல் அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகர் வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' என்ற பாட்டு வெளிவந்தது. அதில் ஸ்டீல் கலைஞர் பட் ஐசக்ஸ், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை அழுத்தி, ஒலிக்குள்ளேயே ஸ்வரம் நகர்வதைக் கேட்பவர் காதில் போட்டார். அதன் பிறகு கன்ட்ரி இசையின் ஸ்டீல் கலைஞர்கள் பலர் தங்கள் கருவிக்குப் பெடல் பொருத்த ஓடினார்கள். 1960-களின் தொடக்கத்தில் படி எம்மன்ஸ் (Buddy Emmons) என்ற ஸ்டீல் கலைஞர் மேலும் இரண்டு தந்திகளைச் சேர்த்து, இன்றைய ஈ9 அமைப்புக்கு வடிவம் கொடுத்தார். இன்னொரு பக்கத்தில் ஜெரி பேர்ட் என்ற மேதை பெடல் இல்லாமலேயே வாழ்நாள் முழுவதும் வாசித்தார். அவருடைய சுருதிச் சுத்தத்தை இன்றும் பலர் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். பெடல் அழுகையைத் தரும், திறமையைத் தராது என்று நான் நம்புவதற்கு அவர் ஒருவரே போதும்.

பாடகர்களின் சுருதி மாறிக்கொண்டே இருந்தும் அவர் தந்திகளைத் திருகவே இல்லை என்று நீங்கள் வியந்திருக்கிறீர்கள். மன்னிக்கவும், இந்த வியப்பையும் கருவிக்கே கொடுக்க வேண்டும். ஜி சுருதியில் வாசித்ததை ஏ சுருதியில் வாசிக்க வேண்டுமானால், தந்திகளுக்கு அடியில் இடம் காட்ட வரைந்த கோடுகளில் இரண்டு தள்ளி உருளையை வைத்து அதே அசைவுகளைச் செய்தால் போதும். பெடல்களும், முழங்காலால் தள்ளும் லீவர்களும் எல்லாச் சுருதியிலும் அதே உறவைத்தான் தருகின்றன. பியானோ வாசிப்பவருக்கு விரலமைப்பே மாறிப்போகும் இடத்தில், எங்களுக்கு இடம் மட்டுமே மாறுகிறது. கைகளும் கால்களும் முழங்கால்களும் ஒரே நேரத்தில் இயங்குவதைப் பார்த்து மலைப்பதும் அப்படித்தான். டிரம்ஸ் வாசிப்பவரும் ஆர்கன் வாசிப்பவரும் நான்கு உறுப்புகளையும் பயன்படுத்துகிறார்கள். அது பழக்கம், பழகினால் வரும்.

இனி அந்த மனிதருக்குச் சேர வேண்டியது. பாடகி உச்சத்தில் நிறுத்திய ஒரு ஸ்வரத்தை அவர் கீழேயிருந்து தேடிப் போகாமல், கை தூக்கி வைத்த இடத்திலேயே அப்படியே பிடித்தார் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வி முழுவதிலும் எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றிய இடம் அது. இந்தக் கருவியில் கோடுகள் வெறும் வண்ணக்கோடுகள். ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தும் உலோகக் கட்டைகள் கிடையாது. தந்தியின் நீளம் ஏறத்தாழ 24 அங்குலம். பன்னிரண்டாவது கோட்டுக்கும் பதின்மூன்றாவதுக்கும் இடையே இருப்பது சுமார் 17 மில்லிமீட்டர். ஓர் அரைத்தொனியை நூறு பங்காக்கினால் ஒரு பங்குக்கு சென்ட் என்று பெயர். அந்தக் கணக்கில் அங்கே 1 மில்லிமீட்டர் பிசகினால் சுருதி ஏறக்குறைய 6 சென்ட் விலகும். ஒரு ஸ்தாயி மேலே போய் 24-ஆவது கோட்டை எட்டினால் அதே 1 மில்லிமீட்டர் 12 சென்ட் ஆகிவிடும், அது பயிற்சியில்லாத காதையும் உறுத்தும். போதாக்குறைக்கு, சற்றுச் சாய்ந்து பார்த்தாலே கோடு இருக்கும் இடம் கண்ணுக்கு மாறித் தெரியும். மேடை வெளிச்சம் குறைவாக இருந்தால் கோடே தெரியாது. இதனால்தான் கற்றுக்குட்டிகள் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கீழேயிருந்து வழுக்கி வருகிறார்கள். கேட்பவருக்கு அது உணர்ச்சியாகத் தோன்றலாம். உண்மையில் அது இருட்டில் சுவரைத் தடவுவது. வழுக்காமல் நேரே இறங்கி, சரியான இடத்தில் நின்று, அதன் பிறகு மட்டும் உருளையை மெல்ல அசைத்துக் கம்பிதம் கொடுப்பவர் பல ஆயிரம் மணிநேரம் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு ஸ்வரம் தற்செயலாகவும் விழலாம் என்பது உண்மைதான். அந்த இரவு முழுவதும் அவர் அப்படியே இறங்கிக்கொண்டிருந்தார் என்றால் அது தற்செயல் அல்ல.

சுருதி விஷயத்தில் இன்னும் ஒரு நுட்பம் உண்டு, சற்று விலகிப் போனாலும் சொல்லிவிடுகிறேன். பியானோவின் காந்தாரம் ஷட்ஜமத்திலிருந்து 400 சென்ட் தொலைவில் இருக்கிறது. தம்புராவின் மந்தரத் தந்தியிலிருந்து தானாக எழும் அந்தர காந்தாரம் ஏறத்தாழ 386-இல் இருக்கிறது. ஸ்டீல் கிட்டாரில் கார்டுகள் நீண்டு நின்று ஒலிப்பதால், பியானோவின் கணக்கில் தந்திகளைச் சேர்த்தால் காந்தாரம் கூர்மையாகக் குத்தும். ஆகவே பெரும்பாலோர் காந்தாரத்தைச் சற்றுக் கீழே இறக்கிச் சேர்க்கிறார்கள். ஆனால் மேடையில் கீபோர்டும் சாதாரண கிட்டாரும் பியானோக் கணக்கில் ஒலித்துக்கொண்டிருக்கும். இதற்கு நடுவில், பெடலை அழுத்தும்போது கருவியின் சட்டமே நுண்ணளவில் வளைந்து, தொடாத தந்திகளும் சில சென்ட் இறங்கிவிடும். எந்தப் பெடல் அழுந்தியிருக்கிறது, பக்கத்தில் எந்தக் கருவி ஒலிக்கிறது என்பதைப் பொறுத்து உருளையை மயிரிழை முன்னும் பின்னும் வைத்து, காதாலேயே கணத்துக்குக் கணம் சரிசெய்துகொண்டிருக்க வேண்டும். நன்றாகச் செய்தால் இது யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாததற்காகக் கைதட்டு கேட்க முடியாது என்பது எங்கள் வகையினரின் நிரந்தரப் புலம்பல்.

ஒலியை நிறுத்துவதும் அப்படிப்பட்டதே. மீட்டிய தந்தி தானாக நிற்காது. அடுத்ததை மீட்டும் முன் முந்தையதை உள்ளங்கையின் ஓரத்தாலோ விரலில் மாட்டிய உலோக நகத்தாலோ அணைக்க வேண்டும். உருளைக்குப் பின்னால் இடக்கை விரல்கள் தந்திகளின் மேல் படிந்து வராவிட்டால் வேண்டாத இரைச்சல் எழும். வேகமான பகுதியில் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனி முத்தாகக் கேட்டதா, அல்லது ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கலங்கியதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். தனித்தனியாகக் கேட்டிருந்தால், அந்தக் கையின் வேலையில் பாதி மீட்டுவது, பாதி அணைப்பது.

இப்போது நீங்களும் நண்பரும் முட்டிக்கொண்ட அந்தப் பாட்டுக்கு வருகிறேன். பாதிப் பாட்டு வரை அவர் சும்மா இருந்தார் என்பதை நண்பர் குறையாக எடுத்துக்கொண்டார். அந்தப் பாட்டு அவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்பது சரியான ஊகமாகவே இருக்கலாம். ஆனால் நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது நேர்மாறானது. தெரியாத பாட்டில் முதல் சரணத்தில் என்ன செய்கிறார் என்பதுதான் ஒரு ஜாமிங் கலைஞரைப் பற்றி எனக்கு மிக அதிகமாகச் சொல்கிறது. இத்தகைய இரவுகளில் பாடப்படும் பாட்டுகளில் பெரும்பாலானவை மூன்று முதல் ஐந்து கார்டுகளுக்குள் அடங்கிவிடும். முதல் சரணத்தில் வந்த ஒழுங்கே இரண்டாவதிலும் வரும். அனுபவமுள்ளவர் அவற்றைப் பெயரால் அல்லாமல் எண்ணால் நினைவில் வைக்கிறார்: ஷட்ஜமத்தின் கார்ட் ஒன்று, மத்திமத்தினுடையது நான்கு, பஞ்சமத்தினுடையது ஐந்து. பாடகர் எந்தச் சுருதியில் பாடினாலும் எண் மாறாது. மேடையில் யாராவது நான்கு விரலைக் காட்டுவதை நீங்கள் பார்த்திருந்தால், அது "அடுத்தது மத்திமம்" என்று பொருள். விரல் காட்ட ஆளில்லாதபோது பேஸ் கிட்டாரின் அடிஸ்வரத்தைக் கேட்கலாம், தாள கிட்டார் வாசிப்பவரின் இடக்கையைப் பார்க்கலாம். முதல் சரணத்தில் அவர் செய்துகொண்டிருந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பெடலைக் கிட்டத்தட்ட மூடிவைத்து, முணுமுணுப்பு அளவில் இரண்டொரு ஸ்வரங்களைத் தொட்டுப் பார்த்து, மனதில் ஒரு வரைபடம் போட்டிருப்பார்.

பிறகு இரண்டாம் பாதியில் சேர்ந்தபோது பாடகரின் அடிகளுக்கு இடையில் மட்டும் வாசித்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாடுபவர் மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு சிறு சொற்றொடர், அது முடியும்போது அடுத்த கார்டின் வாசலில் போய் நிற்பது. இதற்கு அடுத்த கார்ட் எது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் கேட்ட ஒரு சரணத்தை வைத்து அதைத் தெரிந்துகொண்டிருக்கிறார். எனவே முன்பின் கேட்டிராத பாட்டுக்கு வாசிக்க முடியுமா என்ற உங்கள் கேள்விக்கு, முடியும், அதை முறையாகவே செய்கிறார்கள் என்பது பதில். முடியாதவர்கள் என்ன செய்வார்கள் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நானே செய்திருக்கிறேன். என் முதல் ஜாமிங் மேடையில், தெரியாத பாட்டு என்பதை யாரும் கண்டுகொள்ளக் கூடாது என்ற பயத்தில், தொடக்கம் முதல் கடைசி வரை பாடகரின் ஒவ்வொரு சொல்லின் மேலும் வழுக்கிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் வயலின் வாசித்த பெரியவர் ஒன்றும் சொல்லாமல் குனிந்து என் ஆம்ப்ளிஃபயரின் ஒலியைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுபோய்விட்டார். பாட்டு முடியும்வரை எனக்கு அது தெரியவில்லை. தெரிந்த பிறகு, நான் ஒலிக்காததை அவையில் ஒருவரும் கவனிக்கவில்லை என்பதும் சேர்ந்து தெரிந்தது.

வால்யூம் பெடலைப் பற்றி ஒரு சொல். மீட்டும்போது ஒலியைச் சற்று அடக்கி, தந்தி தளரத் தளர வலக்காலால் திறந்துகொண்டே போனால் ஸ்வரம் சாகாமல் நீளும். வயலின் வில் போல ஒலிப்பது இதனால்தான். இதிலும் ஏமாற்ற இடம் உண்டு. மீட்டிய ஓசையை முழுவதும் மறைத்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் காற்றில் மிதந்து வருவது போல ஊதிவிட்டால், தாளத்தில் பிந்தியதும் சேர்ந்து மறைந்துபோகும். அது என் ரசனைக்கு ஒத்துவராது, வேறு சிலருக்கு அதுவே அழகு.

சந்தேகத்துக்குரியவற்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு பாட்டைத் தவிர மற்றவையெல்லாம் அவர் பலமுறை வாசித்தவையாக இருக்கலாம். ஜாமிங்கில் வரும் பாட்டுகள் மேடைக்கு மேடை பெரிதும் திரும்பி வருபவை, ஒத்திகையில்லை என்பதற்குப் பழக்கமில்லை என்று பொருளல்ல. அவர் பிறவித் திறமையுள்ளவரா, நீண்ட உழைப்பாளியா என்று ஒரே இரவை வைத்து யாராலும் சொல்ல முடியாது. அந்த வேறுபாடு வாசிப்பில் தெரியும் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் எப்படி இருப்பார் என்பதும் தனிக் கேள்வி. அங்கே கேட்கும் துல்லியம் வேறு, மேடையில் கேட்கும் சமயோசிதம் வேறு, ஒன்று இருப்பவரிடம் மற்றொன்று இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. அவர் தனியாக வாசித்த பகுதிகள் பற்றி நீங்கள் "மிக வேகம்" என்பதற்கு மேல் எழுதவில்லை. வேகத்தை மட்டும் வைத்து நான் எதையும் சொல்லத் துணிய மாட்டேன். ஆனால் சுருதியில் நேரே இறங்கியது, தெரியாத இடத்தில் பொறுத்தது, தெரிந்த பிறகும் பாடகருக்கு வழிவிட்டது ஆகிய மூன்றும் கருவி தானாகச் செய்யக்கூடியவை அல்ல. உங்கள் வியப்பு சரியான ஆளிடம்தான் போயிருக்கிறது, சில இடங்களில் மட்டும் தவறான காரணத்துக்காக.

அடுத்த முறை போகும்போது, முன்வரிசையில் நேர் எதிரே உட்காராமல், அவருடைய பக்கவாட்டில், முழங்கால்கள் தெரியும் இடமாகப் பாருங்கள். எதிரேயிருந்து பார்த்தால் வலக்கையின் மீட்டல் மட்டுமே கண்ணில் படும். இசையின் பெரும்பகுதி மேசைக்கு அடியில் நடக்கிறது. பாடகர் பாடும்போது ஸ்டீல் வாசிப்பவரின் வலது கணுக்கால் பின்வாங்குவதும், அடி முடியும் நொடியில் முன்னேறுவதும் தெரியும். நிகழ்ச்சி முடிந்ததும் உடனே போய்ப் பேச வேண்டாம். கால்களையும் கம்பிகளையும் கழற்றிப் பெட்டியில் அடுக்க அவருக்கு நேரம் பிடிக்கும், மற்றவர்கள் கிளம்பிய பிறகும் அங்கேதான் இருப்பார். "அருமையாக வாசித்தீர்கள்" என்பதை அவர் பலமுறை கேட்டிருப்பார். அதற்குப் பதிலாக, இன்று எந்தப் பாட்டை முதல்முறையாகக் கேட்டீர்கள் என்று கேளுங்கள். முடிந்தால் உங்கள் நண்பரையும் அழைத்துப் போய் அந்தக் கேள்வியை அவரையே கேட்கச் சொல்லுங்கள்.